முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு: மறுவாழ்வு உளவியல் பற்றி நிறையப் பேர் கேட்கும் கேள்விகள்

தென்னை, பனை ஏறி விழுந்தவர்கள், பைக்கில் அடிபட்டவர்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியிலிருந்து தூக்கக் கலக்கத்தில் தவறியவர்கள் என்று முதுகுத்தண்டு பாதித்தவர்களோடும் அவர்கள் குடும்பத்தோடும் பேசுவதுதான் என் வேலை. வாரத்துக்கு வாரம் அதே கேள்விகள் வருகின்றன. டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு அவசரத்தில் சொல்கிற பதில் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை, அதனால் நிதானமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

மறுவாழ்வு உளவியல் என்றால் என்ன? கவுன்சலிங்தானே?

கவுன்சலிங் அதில் ஒரு பகுதி. உடம்பு ஒரே நாளில் மாறிப்போன ஒருவர் தூக்கம், வலி, கோபம், குடும்பம், வேலை, வீடு எல்லாவற்றையும் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அந்த முழு வேலையிலும் கூட நிற்பதுதான் மறுவாழ்வு உளவியல். இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய வீரர்களைப் பார்த்த அனுபவத்திலிருந்து அமெரிக்காவில் இந்தத் துறை வளர்ந்தது, 1958-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தில் தனிப் பிரிவாகவும் ஆனது. தமாரா டெம்போ, பியாட்ரிஸ் ரைட் போன்ற முன்னோடிகள் கர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் படித்தவர்கள். ஒரு மனிதர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று புரிய வேண்டுமென்றால் அவரை மட்டும் பார்த்தால் போதாது, அவரைச் சுற்றி இருப்பதையும் பார்க்க வேண்டும் என்பது லெவின் சொன்னது. ஒருவரின் செயல்பாட்டையும் இயலாமையையும் விவரிக்க 2001-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த ஐ.சி.எஃப். என்ற வகைப்பாடும் அதையேதான் சொல்கிறது: உடலின் நிலையும் சூழலும் சேர்ந்துதான் ஒருவரின் இயலாமையைத் தீர்மானிக்கின்றன.

கேட்க எளிதாக இருக்கிறது. நான் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது ஒருவர் வீட்டுக்குப் போன பிறகுதான்.

அது என்ன கதை?

முப்பது வயதைத் தாண்டியவர், தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வீட்டுக்குப் போய் நான்கு மாதம் கழித்து அவர் மனைவி போன் செய்தார். "சாப்பிடவே மாட்டேங்கிறாரு, தண்ணிகூட கேட்டா வேணாங்கிறாரு, யாரு வந்தாலும் சுவரைப் பாத்துப் படுத்துக்கிறாரு, மனசு விட்டுப் போச்சு போல." மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வித் தாளை வைத்துப் பார்த்தால் பசியில்லை, தூக்கமில்லை, அசதி, எதிலும் நாட்டமில்லை என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருக்கும். மாத்திரையும் எழுதியிருப்பார்கள்.

நேரில் போனேன். வாசலில் மூன்று படி. கக்கூஸ் கொல்லைப்புறத்தில், கதவு இரண்டடி அகலம். சக்கர நாற்காலி அதைவிட ஓர் அங்குலம் அகலம். ஒவ்வொரு முறையும் மனைவியும் மச்சினனும் அவரைத் தூக்கிக்கொண்டு, நான்கு வீட்டுக்காரர்கள் பார்க்கிற இடத்தைக் கடந்து போக வேண்டும். மச்சினன் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அதனால் அந்த மனிதர் தானாகவே ஒரு முடிவு எடுத்திருந்தார்: சாப்பிட்டால்தானே போகணும், சாப்பிட வேண்டாம். தண்ணீர் குடித்தால் சிறுநீர் எடுக்க டியூப் போடணும், குடிக்க வேண்டாம். அவருக்குப் பசி இருந்தது, நன்றாகவே இருந்தது.

கொத்தனாரை வைத்துக் கதவை மூன்றடி ஆக்கினோம். படிக்குச் சாய்தளம் போட்டோம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு, அவருக்குப் படி மொத்தம் ஒன்றரை அடி, ஆக பதினெட்டு அடி வேண்டும். வாசலில் பத்தடிதான் இடம் என்பதால் சுவரோரமாக மடக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் போனபோது வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இரவில் தூக்கம் வராமல் விழுந்த அந்த நொடியையே நினைத்துக்கொண்டிருந்தார், அதற்குத் தனியாகப் பல மாதம் பேச வேண்டியிருந்தது. ஆனால் கக்கூஸ் கதவை விட்டுவிட்டு முதலிலேயே மனசைப் பற்றிப் பேசியிருந்தால் அவர் என்னோடு பேசியிருக்கவே மாட்டார்.

அப்படியானால் அந்தக் கேள்வித் தாள்கள் பயனில்லாதவையா?

பயன் உண்டு, ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது. அசதி, பசியின்மை, தூக்கமின்மை, மெதுவாக அசைவது எல்லாம் முதுகுத்தண்டு காயத்தாலேயே, அதற்குக் கொடுக்கிற மருந்தாலேயே வரக்கூடியவை. இரவில் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிவிடப்படுகிறவரிடம் "தூக்கம் கெடுகிறதா" என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? அதனால் நான் இரண்டு விஷயத்தை உன்னிப்பாகக் கேட்பேன்: முன்பு பிடித்த ஏதாவது ஒன்று இப்போதும் கொஞ்சமாவது பிடிக்கிறதா, தன்னைப் பற்றி "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பு வருகிறதா. நம் ஊரில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து சொல்வதில்லை. "ஒரே யோசனையா இருக்கு", "நெஞ்சு அடைக்குது" என்றுதான் சொல்வார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி.

அடிபட்ட எல்லோருக்கும் மனச்சோர்வு வருமா?

வராது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் முதுகுத்தண்டு பாதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. பொதுமக்களை ஒப்பிட்டால் இது அதிகம்தான். ஆனால் மீதி நான்கு பேர்? அவர்கள் அழுகிறார்கள், எரிந்து விழுகிறார்கள், அப்புறம் மெல்ல மெல்ல ஏதோ ஒரு பிடிமானத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். துக்கம் நோயல்ல. முதலில் மறுப்பு, அடுத்து கோபம், கடைசியில் ஏற்பு என்று படிப்படியாக எல்லோரும் ஒரே வழியில் போவார்கள் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம், அப்படி வரிசையாகப் போகிறவரை நான் பார்த்ததில்லை. ஒரே நாளில் காலையில் சிரித்து மாலையில் உடைகிறவர்கள்தான் அதிகம்.

துக்கம் வாரக்கணக்கில் நகராமல் நின்றுவிட்டால், தன் உடம்பைக் கவனிப்பதையே நிறுத்திவிட்டால் உதவி தேட வேண்டும். எனக்கு ஓர் அடையாளம் உண்டு: கைக்கண்ணாடி. உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது, அதனால் தினமும் கண்ணாடியைப் பிடித்து இடுப்பு, பின்புறம், குதிகால் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தருவோம். அந்தக் கண்ணாடி தலையணைக்குக் கீழே கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. பரணில் தூசி படிந்து கிடந்தால் அன்றைக்கு அவரோடு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காருவேன்.

"மறுபடி நடப்பேனா" என்று கேட்கிறார். குடும்பம் உண்மையைச் சொல்லாதீர்கள் என்கிறது. என்ன செய்வது?

இதைவிடக் கடினமான கேள்வி எங்கள் வேலையில் இல்லை. "ஆறு மாசத்துல எழுந்து நடந்துடுவ" என்று பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தப் பொய் உடையும்போது அவர் நம்பிக்கையோடு சேர்த்து உங்களையும் இழக்கிறார். இன்னொன்று, நடக்கத்தானே போகிறோம் என்று காத்திருப்பவர் சக்கர நாற்காலி ஓட்டப் பழக மாட்டார், டியூப் போடக் கற்றுக்கொள்ள மாட்டார், வீட்டில் சாய்தளம் போடவும் விடமாட்டார். காத்திருக்கிற நாளெல்லாம் வீணாகப் போகும்.

அதற்காக முதல் வாரமே முகத்துக்கு நேராக "நடக்கவே மாட்டீங்க" என்று சொல்வதும் கொடுமை. காயத்தின் அளவை முறையாகச் சோதித்த மருத்துவர், நோயாளி கேட்கும்போது, கேட்கிற அளவுக்குச் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் ஓரளவு மீட்சி வரலாம், அதையும் சொல்ல வேண்டும். நான் வழக்கமாகத் திருப்பிக் கேட்பேன்: "நடந்தா முதல்ல எங்க போவீங்க?" ஒருவர் "டீக்கடைக்கு" என்றார், இன்னொருவர் "பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு" என்றார். சரி, அங்கே போக கால் மட்டும்தான் வழியா என்று அதற்கப்புறம் பேச ஆரம்பிக்கலாம்.

ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடும் என்று விளம்பரம் பார்த்தோம். நிலத்தை விற்கலாமா?

விற்காதீர்கள், கும்பிட்டுச் சொல்கிறேன். முதுகுத்தண்டு காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆய்வில் சேருகிறவரிடம் பணம் வாங்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் கேட்டால் அது ஆய்வு இல்லை என்று புரிந்துகொள்ளலாம். அந்தப் பணத்தில் கழிப்பறையைச் சரிசெய்து, நல்ல மெத்தை வாங்கி, ஒரு சின்னக் கடையே வைத்துவிடலாம்.

இதற்கும் உலக சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

உலகில் ஆறு பேரில் ஒருவர், அதாவது சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதுகுத்தண்டு பாதித்தவர்கள் மட்டும் 1.5 கோடிக்கு மேல். மறுவாழ்வுச் சேவையால் ஏதோ ஒரு விதத்தில் பயன்பெறக்கூடியவர்கள் 240 கோடி. தொற்றுநோய் குறைந்து, ஆயுள் கூடி, சாலை விபத்தும் பக்கவாதமும் சர்க்கரை நோயும் பெருகப் பெருக இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போகும். ஆனால் சில ஏழை நாடுகளில் பத்து லட்சம் பேருக்குப் பத்து மறுவாழ்வுப் பணியாளர்கள்கூட இல்லை. அந்தப் பத்து பேருக்குள் உளவியலாளர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உயிரைக் காப்பாற்றுவதற்கு அரசுகள் செலவு செய்கின்றன, காப்பாற்றிய உயிர் எப்படி வாழப்போகிறது என்பது நெடுங்காலம் யார் கணக்கிலும் வரவில்லை. 2017-ல் "மறுவாழ்வு 2030" என்ற முயற்சி தொடங்கியது. 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, மறுவாழ்வைச் சுகாதார அமைப்புக்குள்ளேயே வலுப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நல்ல விஷயம். ஆனால் மறுவாழ்வு என்றாலே பிசியோதெரபியும் சக்கர நாற்காலியும் மட்டும்தான் என்ற நினைப்பு நம் ஊர் வார்டுகளில் இன்னும் போகவில்லை, மனசுக்கான ஆள் என்பது வசதி இருந்தால் பார்க்கலாம் என்கிற இடத்தில்தான் இருக்கிறது. அது மாற வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

எங்கள் ஊரில் உளவியலாளரே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலான ஊர்களின் நிலை இதுதான், அதனால் உலகம் முழுக்க இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சில் உட்காரவைத்து, வருகிறவர்களின் பிரச்சினையைக் கேட்டு ஒவ்வொன்றாகத் தீர்க்க உதவச் செய்தார். 2016-ல் வெளியான ஆய்வில் அது நன்றாக வேலை செய்தது தெரிந்தது. கோவாவிலும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் கொடுத்த எளிய ஆலோசனை மனச்சோர்வைக் குறைத்ததை 2017-ல் காட்டினார்கள். பட்டம் படித்தவர்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றில்லை, ஆனால் பயிற்சியும், சிக்கலான நேரத்தில் கேட்க மேலே ஓர் ஆளும் கட்டாயம் வேண்டும்.

நம் பக்கத்திலேயே தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. முன்பே அடிபட்டு வாழ்ந்துகொண்டிருக்கிற ஒருவரைப் புதிதாக அடிபட்டவர் பார்ப்பதற்கு ஈடான மருந்து எனக்குத் தெரியாது. நான் பத்து நாள் பேசி நகராத ஒருவர், சக்கர நாற்காலியில் தானே வந்து இறங்கி, "நானும் இந்தக் கட்டில்லதான் படுத்திருந்தேன்" என்று சொன்ன ஆளோடு பத்து நிமிடம் பேசிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். உளவியலாளர் என்று போர்டு வைத்திருப்பவரிடம் போவதாக இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

வேலை? இனி என்ன வேலை செய்ய முடியும்?

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அறுவை சிகிச்சை மருத்துவருக்கு எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்துகொண்டிருந்த பால் பிராண்ட், இதை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார், 1963-ல் திரும்பி வந்து அந்தத் துறைக்குப் பொறுப்பேற்றார், 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமும் உருவானது. இதைக் கேட்டு "அவங்க டாக்டர், நான் கூலிக்காரன்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார், அவர் சொன்னது நியாயம். உடல் உழைப்பை மட்டுமே நம்பியிருந்தவருக்கு அடி பல மடங்கு கனம். ஆனால் பிராண்ட் செய்ததைக் கவனியுங்கள்: கால் போனால் கையில் இருக்கிற தொழில் போய்விடவில்லை என்று பார்த்தார். மரம் ஏறுகிறவருக்கு எந்தத் தோப்பில் எப்போது காய் இறக்கலாம், யார் என்ன விலை கொடுப்பார்கள் என்பதெல்லாம் தெரியும். அப்படி ஒருவர் இன்று தேங்காய் மொத்த வியாபாரம் செய்கிறார்.

அரசு வேலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். விவரம் தெரியாமல் யாரோ சொன்னார்கள் என்று ராஜினாமா கடிதம் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தாம்பத்தியம், குழந்தை?

எல்லோர் மனதிலும் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை, மருத்துவர்களும் சொல்வதில்லை. அந்த மௌனத்தில்தான் பல கல்யாணங்கள் முறிகின்றன. காயத்தின் இடத்தைப் பொறுத்து மாற்றங்கள் வரும், ஆனால் நெருக்கம் முடிந்துவிடுவதில்லை. பெண்களுக்கு முதல் சில மாதம் மாதவிடாய் நின்றாலும் பெரும்பாலும் திரும்பிவிடும், கருத்தரிக்கவும் முடியும், அதனால் கருத்தடை வேண்டுமென்றால் அதைப் பற்றியும் பேச வேண்டும். ஆண்களுக்கு மருந்தும் மருத்துவ உதவியும் இருக்கின்றன. கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார் உட்கார்ந்திருக்கிற அறையில் இந்தப் பேச்சு நடக்காது.

கவனித்துக்கொள்கிறவர் களைத்துப் போகிறார். அவருக்கு யார்?

பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா. கணவனுக்கு அடிபட்டால் மனைவி கூட நிற்பதை ஊர் இயல்பாக எடுத்துக்கொள்கிறது, மனைவிக்கு அடிபட்டால் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுப்போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து புரட்டுகிற பெண்ணுக்கு "பொறுமையா இருங்கம்மா" என்ற அறிவுரை வேண்டாம், நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க ஆள் வேண்டும். வாரத்தில் இரண்டு ராத்திரி யார் பார்த்துக்கொள்வது என்று குடும்பத்தை உட்காரவைத்துப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு தருகிற மாத உதவித்தொகை 2023-ல் 2,000 ரூபாயாக உயர்ந்தது, அடையாள அட்டை வாங்கி விண்ணப்பியுங்கள்.

கால் எடுத்தாச்சு, ஆனால் அந்தக் கால் வலிக்கிறது என்கிறார். மனப்பிரமையா?

இல்லை. வலி நிஜம். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்ணாடி வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்: கையோ காலோ, இருக்கிறதன் பிம்பம் இல்லாததன் இடத்தில் தெரியும்படி வைத்து அசைத்தால் சிலருக்கு வலி குறைகிறது. எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான். இலங்கையில் வடக்கிலும் கிழக்கிலும் கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். 1987-லிருந்து யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் மையம் செயற்கைக் கால் பொருத்திவருகிறது.

"என்னைக் கொன்னுடுங்க" என்கிறார். பேச்சுக்குத்தானே?

பேச்சுக்கு என்று விட்டுவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஓர் ஆள் இருக்கிறதே என்று பாரம்தான் குறையும். வழி யோசித்து வைத்திருக்கிறார் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

பார்க்க வருகிறோம். என்ன பேசுவது?

"ஐயோ, எப்படி இருந்த பையன்" என்று கட்டிலருகே நின்று அழாதீர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவரைப் பற்றி அவர் முன்னாலேயே மற்றவர்களிடம் விசாரிக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். அவர் கேட்காமல் சக்கர நாற்காலியைத் தொட்டுத் தள்ளாதீர்கள். ஊரில் மழை உண்டா, பஞ்சாயத்தில் என்ன தகராறு, யார் வீட்டில் கல்யாணம் என்று எப்போதும்போலப் பேசுங்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும்போது அவர் பெயரையும் எழுதிக் கொடுங்கள், மண்டபத்தில் எத்தனை படி இருக்கிறது என்று முதல் நாளே போய் எண்ணிவையுங்கள்.